கட்டளை வரியும் ஒரு சபைப் பதிவேடும்

எங்கள் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவள் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படித்த மாணவி. கோடை விடுமுறையில் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள்.

"டீச்சர், சனிக்கிழமை ஆனாலே எனக்குத் தலைவலிதான். அடுத்த வாரம் யார் யாருக்குப் பிறந்தநாள், யாருக்குத் திருமண நாள்னு ஒவ்வொரு பக்கமா திறந்து பாத்து எழுதணும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர் அந்தப் பேரை வாசிச்சு ஜெபிப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கும் போன்ல வாழ்த்து அனுப்பணும். மூணு மணி நேரம் ஓடிருது. நீங்க சிஎஸ்வி பாடம் நடத்தினீங்கல்ல, அந்த மாதிரி ஒரே கட்டளையில முடிக்க முடியாதா?"

நடத்திய பாடத்தை நினைவில் வைத்து, அதை வாழ்க்கையில் பயன்படுத்த ஒரு மாணவி கேட்கிறாள். ஆசிரியருக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன? "முடியும்" என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்வதற்கு முன் நான் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்காததால் நடந்ததையும், பின்னர் அதையே வகுப்பறைப் பாடமாக மாற்றிய விதத்தையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பதிவேடும் மென்பொருளும்

தேவாலயங்களில் நெடுங்காலமாகக் கையால் எழுதும் பதிவேடுகள் உண்டு. குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு என்று அலமாரி நிறைய இருக்கும். இவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் மென்பொருள்களைச் சபை நிர்வாக மென்பொருள் என்கிறார்கள். அமெரிக்காவின் பிளானிங் சென்டர், ஜெர்மனியின் சர்ச்டூல்ஸ் போன்றவை இவ்வகையில் பெயர்பெற்றவை. இந்தச் சபையில் சர்ச்சிஆர்எம் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவியிருந்தார்கள். பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. தகவல்களை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் சேமிப்பது. நம் மாணவர்கள் கணினிப் பாடத்தில் கேள்விப்படும் பெயர்கள்தாம் இவை.

திரையில் நாம் சொடுக்கிச் செய்யும் வேலைகளை வேறொரு நிரல் கேட்டுப் பெறுவதற்கு மென்பொருளில் ஒரு வாசல் இருக்கும். அதுவே ஏபிஐ. மாணவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: ரேஷன் கடைக்குள் நாமே போய் மூட்டையைத் திறந்து அள்ள முடியாது. முன்னால் நின்று அட்டையைக் காட்டிக் கேட்க வேண்டும். கேட்டது கிடைக்கும், அல்லது ஏன் கிடைக்காது என்று பதில் வரும். அந்த முன்பகுதிதான் ஏபிஐ. அட்டைக்குப் பதிலாக இங்கே ஒரு நீண்ட எழுத்துச் சரம் இருக்கும். அதைத் திறவுகோல் என்கிறோம். சர்ச்சிஆர்எம்மில் ஒவ்வொரு பயனருக்கும் அவருக்கே உரிய திறவுகோல் உண்டு. கேட்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

கேட்பதற்குச் சில வினைச்சொற்கள் உள்ளன. கெட் என்றால் கொடு. போஸ்ட் என்றால் புதிதாகச் சேர். புட் என்றால் மாற்றி எழுது. டெலீட் என்றால் அழி. பதிலோடு ஓர் எண்ணும் வரும். 200 என்றால் சரி. 401 என்றால் நீ யாரென்று தெரியவில்லை. 403 என்றால் தெரியும், ஆனால் உனக்கு அனுமதி இல்லை. 404 என்றால் கேட்டது இங்கே இல்லை. இந்த நான்கு வினைச்சொற்களும் நான்கு எண்களும் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

கட்டளை வரி எதற்கு?

சுட்டியால் சொடுக்குவதை ஒருவர் உட்கார்ந்து செய்தாக வேண்டும். கட்டளையை ஒருமுறை எழுதிக் கோப்பாகச் சேமித்தால் அதையே எத்தனை முறையும் இயக்கலாம். ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு நேராக ஊட்டவும் முடியும். யுனிக்ஸ் இயக்க அமைப்பில் 1973-இல் இந்த வசதி வந்தது. டக் மெக்கில்ராய் சொன்ன யோசனையைக் கென் தாம்சன் செய்து முடித்தார். ஒரு குழாயின் நீர் அடுத்த குழாய்க்குள் போவதுபோல என்பதால் அதற்குப் பைப் என்று பெயர். விசைப்பலகையில் நிற்கும் செங்குத்துக் கோடுதான் அதன் குறி.

எங்கள் வேலைக்கு மூன்று கருவிகள் போதுமாக இருந்தன. முதலாவது கர்ல். சுவீடன் நாட்டு நிரலர் டேனியல் ஸ்டென்பர்க் 1998-இல் இந்தப் பெயரில் வெளியிட்டது. இணைய முகவரியைக் கேட்டு விடையைக் கொண்டுவந்து தரும். விண்டோஸ் 10-இன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதிலும் சேர்ந்தே வருகிறது. ஆகவே பள்ளி ஆய்வகத்தில் விண்டோஸ் இருந்தாலும் இதைச் செய்து காட்டலாம். இரண்டாவது பைத்தான். வந்த விடையிலிருந்து நமக்கு வேண்டியதை மட்டும் வடிகட்டும். மூன்றாவது கிரான். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே இயக்கும்.

கிரானுக்கு நேரம் சொல்ல ஐந்து கட்டங்கள் உண்டு: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை. 0 17 * * 5 என்று எழுதினால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை 5 மணி என்று பொருள். ஞாயிறுக்கு 0, வெள்ளிக்கு 5. உடுக்குறி இருந்தால் "எதுவாயினும்" என்று பொருள். மாணவர்களிடம் இதை ஒரு விடுகதைபோலக் கொடுத்துப் பாருங்கள். "காலை வழிபாட்டுக் கூட்ட மணியை வேலை நாட்களில் மட்டும் அடிக்க எப்படி எழுதுவாய்?" என்றால் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

முதல் வடிவமும் அதன் பிழையும்

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். கர்ல் பட்டியலைக் கொண்டுவரும். பைத்தான் நிரல் அடுத்த ஏழு நாட்களில் பிறந்தநாள் உள்ளவர்களைப் பிரித்தெடுக்கும். குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்கு அப்படியே கொடுத்துவிடும். ஒரு பிரதி அச்சாகி ஐயரின் மேசைக்குப் போகும். அன்றன்று காலை 6 மணிக்கு வாழ்த்து தானே சென்றுவிடும். மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சனிக்கிழமை மாலையில் அந்த அலுவலகம் சீக்கிரம் பூட்டப்பட்டது. எனக்குப் பெருமைதான்.

நான்காம் வாரம் அவள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "டீச்சர், ரெண்டு மாசத்துக்கு முன்னால இறந்துபோன தாத்தா பேருக்கு வாழ்த்து போயிருக்கு. அந்த நம்பர் இப்போ ஆச்சிகிட்ட இருக்கு."

அன்று மாலையே இருவரும் அந்த வீட்டுக்குப் போனோம். ஆச்சி கோபப்படவில்லை. நாற்காலி எடுத்துப்போட்டு, காப்பி கொடுத்தார்கள். பிறகு சொன்னார்கள்: "காலையில அவங்க பேரப் பாத்ததும், பரவாயில்ல, கோயில்ல ஞாபகம் வச்சிருக்காங்களேன்னுதான் நெனச்சேன். கீழே, இன்னும் பல ஆண்டு வாழணும்னு எழுதியிருந்துச்சு. அதுக்கு மேல என்னால படிக்க முடியல."

என்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. "தப்பு என் மேலதான் ஆச்சி, நான் எழுதின நிரல்" என்றேன். நிரல் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து நிரலைத் திறந்து பார்த்தேன். மென்பொருள் சரியாகவே இருந்தது. தாத்தா இறந்த வாரமே என் மாணவி அவரை "இறந்தவர்" என்ற வகைப்பாட்டுக்கு மாற்றியிருந்தாள். நான்தான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. என் நிரல் தேதியை மட்டும் கேட்டது. தேதி பொருந்தியது, அனுப்பிவிட்டது.

அவளிடம் கேட்டேன், "கையால எழுதினப்போ இது எப்படி நடக்காம இருந்துச்சு?" அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எழுதும்போதே தெரியும்ல டீச்சர். இவங்க இல்லை, இவங்க வீட்டுல இப்போ துக்கம், இவங்க பேரை வாசிக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, இதெல்லாம் பாத்து விட்டுட்டுப் போவேன்."

நான் முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்த வேலையில் நீ எதையெல்லாம் விட்டுவிடுவாய்?" அவள் செய்வதை மட்டும் கேட்டு எழுதினேன். அவள் செய்யாமல் விடுவதைக் கேட்கவில்லை. அவளுடைய மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி வீண் என்று நினைத்தேன். அதில் ஒரு பகுதி காவல் வேலை என்பது எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வடிவம்: எடு, வடி, காட்டு, அனுப்பு

அடுத்த முறை ஒரே நிரலாக எழுதவில்லை. நான்கு சிறு நிரல்களாகப் பிரித்தோம்.

எடு என்ற நிரல் மென்பொருளிடம் கேட்டுப் பட்டியலைக் கொண்டுவரும். வடி என்ற நிரல் தேதியோடு வகைப்பாட்டையும் பார்க்கும். காட்டு என்ற நிரல் அதை ஒரு தாளில் வரிசையாக அச்சிடும். அனுப்பு என்ற நிரல், கொடுக்கப்பட்ட பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும்.

முதல் மூன்றும் வெள்ளி மாலை 5 மணிக்குக் கிரான் வழியாகத் தாமே நடக்கும். நான்காவது நிரலைக் கிரானில் சேர்க்கவில்லை. சனிக்கிழமை அவள் தாளைப் பார்த்து, பேனாவால் குறி வைத்து, வேண்டாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுத் தன் கையால் இயக்க வேண்டும். இப்போது அவளுக்கு ஆகும் நேரம் இருபது நிமிடம். மூன்று மணி நேரத்தைச் சுழியமாக்க நினைத்து நான் தவறினேன். அந்த இருபது நிமிடத்தை மனிதரிடமே விட்டபிறகு வேலை சரியாக நடக்கிறது.

அனுப்பு நிரலுக்கு இன்னொரு பழக்கமும் கற்றுக்கொடுத்தோம். சும்மா இயக்கினால் அது எதையும் அனுப்பாது. "இவர்களுக்கு இதை அனுப்பப் போகிறேன்" என்று திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். உண்மையாகவே அனுப்ப வேண்டுமானால் கட்டளையின் இறுதியில் அதற்கான சொல்லைத் தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மறதியில் நடப்பது ஒத்திகையாக இருக்கட்டும், நிகழ்ச்சியாக இருக்க வேண்டாம். இப்படிக் கட்டளையோடு சொற்களைச் சேர்த்துக் கொடுப்பது நமக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் வகுப்பில் சி++ நிரல்களைப் பைத்தானில் இறக்குமதி செய்யும் பாடத்தில் கெட்ஆப்ட் என்று படிக்கிறோமே, அதே வேலைதான். மாணவர்கள் மனப்பாடம் செய்து கடக்கும் அந்தப் பாடத்துக்கு ஒரு பயன் கிடைத்தது.

வடி நிரலில் ஒரு விதி வைத்தோம். வகைப்பாட்டுக் கட்டம் காலியாக இருந்தால் அவரை அனுப்பும் பட்டியலில் சேர்க்கக் கூடாது. தாளின் அடியில் "பார்க்கவும்" என்ற தலைப்பில் தனியாகக் காட்ட வேண்டும். தெரியாததை "ஆம்" என்று எடுத்துக்கொள்ளும் நிரல் என்றாவது ஒருநாள் யாரையாவது காயப்படுத்தும்.

திறவுகோலை எங்கே வைப்பது?

முதல் வடிவத்தில் நான் செய்த இன்னொரு தவறும் அப்போதுதான் தெரிந்தது. மென்பொருளின் நிர்வாகியுடைய திறவுகோலையே பயன்படுத்தியிருந்தேன். அதாவது வாழ்த்துப் பட்டியல் எடுக்க வந்த நிரலிடம் அலமாரி முழுவதன் சாவிக்கொத்தையும் கொடுத்திருந்தேன். கெட் என்று எழுத வேண்டிய இடத்தில் கைதவறி டெலீட் என்று எழுதியிருந்தால், அதைத் தடுக்க எதுவுமே இல்லை.

இப்போது நிரலுக்கென்று தனிப் பயனரை உருவாக்கினோம். சேர்த்தல், திருத்தல், நீக்கல், நிதி, குறிப்புகள் ஆகிய எந்த உரிமையும் அதற்குத் தரவில்லை. பிறகு அந்தத் திறவுகோலை வைத்து வேண்டுமென்றே ஒரு பெயரைத் திருத்த முயன்று பார்த்தோம். மறுப்பு வந்தது. பூட்டைப் பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல இந்தச் சோதனையையும் தவறாமல் செய்ய வேண்டும்.

திறவுகோலைக் கட்டளையோடு சேர்த்துத் தட்டச்சு செய்யக் கூடாது. தட்டச்சு செய்த கட்டளைகளைக் கணினி ஒரு வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கும். அடுத்து வருபவர் மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தினாலே அது தெரிந்துவிடும். ஆகவே அதைத் தனிக் கோப்பில் வைத்து, லினக்ஸில் அந்தக் கோப்பின் அனுமதி எண்ணை 600 ஆக்கினோம். உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற பயனர்களுக்கு எதுவும் இல்லை என்பது அதன் பொருள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிப் பார்த்தால் முதல் இலக்கம் 6 ஆவது ஏன் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

வழியில் தடுக்கிய கற்கள்

இந்த வேலையில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். தரவோடு வேலை செய்யும் யாருக்கும் பயன்படும்.

முதலாவது, வெற்றுப் பட்டியல். ஒரு வாரம் தாளில் ஒரு பெயரும் இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உள்ள சபையில் ஒரு வாரம் முழுவதும் யாருக்கும் பிறந்தநாள் இல்லாமல் இருக்குமா? திறவுகோலை மாற்றிய பிறகு கோப்பில் புதியதை எழுத மறந்திருந்தோம். மென்பொருள் 401 என்று மறுத்திருக்கிறது. கர்ல் அந்த மறுப்பையும் ஒரு விடையாகவே வாங்கி வந்து, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. கர்லுடைய இயல்பு அதுதான். மறுப்பைப் பிழையாகக் கருத வேண்டுமானால் அதற்கென உள்ள ஃபெயில் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். "யாரும் இல்லை" என்பதும் "என்னால் பார்க்க முடியவில்லை" என்பதும் வெவ்வேறு விடைகள். நிரல் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, தேதி. 03/04 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? பழைய பதிவேட்டிலிருந்து சிஎஸ்வி கோப்பாகக் கொண்டுவந்த சில வரிகளில் இந்தக் குழப்பம் இருந்தது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதும் பன்னாட்டு முறையைப் பின்பற்றினால் குழப்பம் இல்லை. பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்கு மற்ற ஆண்டுகளில் வாழ்த்தே போகாது. டிசம்பர் கடைசி வாரத்தில் தேடும்போது ஜனவரி முதல் தேதிக்காரர்கள் விடுபடுவார்கள். சர்ச்சிஆர்எம்மில் பிறந்த நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனிக் கட்டங்கள். பிறந்த ஆண்டு தெரியாத முதியவர்களுக்கு ஆண்டுக் கட்டம் காலியாகவே இருக்கலாம். வயதைக் கணக்கிட்டுச் செய்தியில் சேர்த்தால் அங்கே தவறு நேரும். நாங்கள் வயதையே எடுத்துவிட்டோம்.

மூன்றாவது, எழுத்துரு. சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தபோது தமிழ்ப் பெயர்களெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. கோப்பு யுடிஎஃப்-8 முறையில் சரியாகவே இருந்தது. எக்செல்தான் அதை வேறு முறையாக எண்ணிக்கொண்டது. பைத்தானில் எழுதும்போது குறியாக்கத்தை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் கோப்பின் தொடக்கத்தில் ஓர் அடையாளம் சேர்ந்துவிடும். பிறகு எக்செல் சரியாகப் படிக்கும். 91 சேர்த்து எழுதிய 12 இலக்கத் தொலைபேசி எண்ணையும் எக்செல் கணித எண்ணாக நினைத்துச் சுருக்கிக் காட்டும். அந்த நெடுவரிசையை உரை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது, அணைந்த கணினி. வெள்ளிக்கிழமை மின்தடை. கணினி அணைந்திருந்தால் கிரான் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும்; பிறகு எழுந்ததும் செய்யாது. தாள் வரவில்லை என்றால் கையால் இயக்கிக்கொள் என்று அவளுக்குச் சொல்லிவைத்தேன்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தால்?

சபை இளைஞர் ஒருவர் கேட்டார்: "இப்போதான் ஏஐ உதவியாளர்கள் கட்டளை வரியில தாங்களே கட்டளை போட்டு வேலை செய்யுதே மேடம், இது முழுசையும் அதுகிட்டயே கொடுத்துரலாமே?"

கேள்வி நியாயமானதே. அத்தகைய கருவிகள் நிரல் எழுதவும், எழுதியதை இயக்கிப் பார்க்கவும் உதவுகின்றன. ஆனால் இரண்டு விஷயங்களை அவரோடு சேர்ந்து யோசித்தோம். முதலாவது, சபை மென்பொருளில் குறிப்புகள் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஜெப விண்ணப்பங்கள் இருக்கும். ஒருவருடைய நோய், ஒரு வீட்டின் கடன், ஒரு தம்பதியின் பிணக்கு, இவையெல்லாம் ஐயரை நம்பிச் சொன்னவை. வெளியில் உள்ள ஒரு சேவைக்கு அவற்றை அனுப்பினால், சொன்னவரின் அனுமதி இல்லாமல் மூன்றாமவரிடம் சொன்னதாகவே ஆகும். இந்தியாவில் 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. 18 வயது நிரம்பாதவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களும் இந்தப் பதிவேட்டில்தானே இருக்கின்றன?

இரண்டாவது, இத்தகைய கருவி தான் படிக்கும் உரைக்குள் ஒரு கட்டளைபோன்ற வாக்கியம் இருந்தால் அதையும் நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக்கூடும். குறிப்புப் பகுதியில் யாரோ விளையாட்டாக "எல்லோருக்கும் இதை அனுப்பு" என்று எழுதிவைத்தால் என்ன ஆகும்? அதனால் உண்மைத் தரவையும் திறவுகோலையும் அதனிடம் தரவில்லை. கற்பனைப் பெயர்கள் கொண்ட மாதிரிக் கோப்பை மட்டும் கொடுத்து, வடி நிரலில் உள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். பிப்ரவரி 29 சிக்கலை எங்களுக்கு முன் அதுவே சுட்டிக்காட்டியது. அந்த அளவுக்கு உதவியை வாங்கிக்கொண்டோம்.

வகுப்பறையில்

பள்ளி திறந்ததும் பன்னிரண்டாம் வகுப்பில் சிஎஸ்வி பாடத்துக்கு இதையே செயல்பாடாக வைத்தேன். சபையின் தரவிலிருந்து ஒரு வரிகூட வகுப்புக்குள் வரவில்லை. இருபது கற்பனை மனிதர்களை நானே உருவாக்கினேன். ஒருவர் பிப்ரவரி 29-இல் பிறந்தவர். இருவருக்கு ஒரே பெயர். ஒருவர் இறந்தவர். ஒருவருக்கு வகைப்பாடு இல்லை. ஒரு தொலைபேசி எண் மூன்று பேருக்குப் பொது. ஒருவர் தம் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்.

வழக்கமாக நாம் "பிறந்தநாள் உள்ளவர்களைக் கண்டுபிடி" என்று வினா கொடுப்போம். இந்த முறை வினாவைத் திருப்பிப் போட்டேன்: "இந்த இருபது பேரில் யாருக்குச் செய்தி போகக் கூடாது? ஏன்?" முதல் பாடவேளையில் கணினியைத் தொடவே விடவில்லை. தாளில் எழுதச் சொன்னேன். குழுக்களாகப் பேசி எழுதினார்கள். இரண்டாம் பாடவேளையில்தான் நிரல்.

கடைசிப் பலகையில் எப்போதும் அமைதியாக உட்கார்ந்திருக்கும் மாணவன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், எங்க அப்பா நம்பருக்குத்தான் இன்னும் எனக்கு வர்ற மெசேஜ் எல்லாம் வருது. அந்த போனை இப்போ அம்மா வச்சிருக்காங்க. 'அன்புள்ள தந்தையே'ன்னு வரும்" என்றான். அவன் தந்தை முந்தைய ஆண்டு இறந்தவர். வகுப்பு அமைதியாகிவிட்டது.

எனக்கு ஆச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. தேவாலயப் பதிவேட்டைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த நான், என் கையில் இருக்கும் வகுப்புப் பட்டியலைப் பார்க்கவில்லை. அன்று மதியமே பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். தந்தை இல்லாத பிள்ளைகள், தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், பெற்றோர் எண் மாறியவர்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தனியாகக் கேட்டுத் திருத்தினேன். ஏழு பிள்ளைகளின் விவரம் மாற வேண்டியிருந்தது. எமிஸ் தளத்திலும் உரிய முறையில் திருத்தக் கேட்டுக்கொண்டேன். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் போடும் செய்திகளில் இப்போது "அன்புள்ள பெற்றோர், பாதுகாவலர்களுக்கு" என்றுதான் தொடங்குகிறேன்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இதற்குத் தேவாலயமோ தனி மென்பொருளோ தேவையில்லை. நூலகப் பதிவேடு, விளையாட்டுப் பொருள் இருப்பு, முன்னாள் மாணவர் பட்டியல் என எதையும் கற்பனைத் தரவாக உருவாக்கி இந்தச் செயல்பாட்டை நடத்தலாம். எடு, வடி, காட்டு, அனுப்பு என்ற நான்கு படிகளை நான்கு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒரு குழுவின் விடை அடுத்த குழுவுக்குப் போகட்டும். பைப் என்பதை அவர்கள் உடம்பாலேயே கற்றுக்கொள்வார்கள். மூன்றாம் குழுவுக்கும் நான்காம் குழுவுக்கும் நடுவே ஒரு மாணவரைப் பேனாவோடு நிறுத்துங்கள். அவர் குறி வைத்தால்தான் தாள் நகர வேண்டும்.

என் மாணவி இப்போதும் வெள்ளிக்கிழமைத் தாளைச் சனிக்கிழமை பார்க்கிறாள். சென்ற மாதம் அதன் அடியில் "பார்க்கவும்" என்ற பகுதியில் ஆச்சியின் பெயர் இருந்தது. அவருடைய பதிவில் ஒரு கட்டம் காலியாக இருந்திருக்கிறது. அடுத்த வியாழன் அவருக்குப் பிறந்தநாள். கட்டத்தை நிரப்பிவிட்டு அவள் அனுப்பு நிரலை இயக்கவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.